கம்பி வைத்தாயிற்று, கால் மடங்குகிறதா?

போன ஆடி மாதம் என் கிளினிக்குக்கு ஓர் எக்ஸ்ரே வந்தது. பார்த்ததும் செய்தவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. நடுவில் உடைந்த தொடை எலும்பு. உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரே கம்பி. மேலே ஒன்று, கீழே இரண்டு ஸ்க்ரூ. எலும்பு கோணவில்லை, நீளம் குறையவில்லை. உடைந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு முடிச்சுப் போட்டதுபோலத் திரண்டிருந்தது. இதைவிட நன்றாக ஒரு தொடை எலும்பைக் கூட்ட முடியாது.

எக்ஸ்ரேவுக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்றார். கழுகுமலைப் பக்கத்துக் கிராமம், 51 வயது, தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடுக்குகிற வேலை. மினி பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்மேல் பைக் ஏறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் அரைவட்டம் போட்டுச் சுற்றி எடுத்து வைத்து உள்ளே வந்தார். கட்டிலில் படுக்கவைத்து முட்டியை மடக்கச் சொல்லி அளந்தேன். 35 டிகிரி. அதற்கு மேல் கல்.

"முட்டியை மடக்கணும்னு யாரும் சொல்லலையாக்கா?"

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொன்னாக தாயி. அசைச்சா கம்பி ஒடைஞ்சிரும்னு வீட்ல என்னைய ஒரு எட்டு நடக்க விடல. எம்மக பாத்ரூமுக்குக்கூடச் சேர்ல வச்சுத்தான் தூக்கிட்டுப் போனா."

மகள் பக்கத்தில் பெருமையாக நின்றாள். அம்மாவை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பாசம்தான் முட்டியைப் பூட்டிவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோவில்பட்டியில் 25 வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன். நெடுஞ்சாலை ஊர் என்பதால் உடைந்த கைகால்களுக்குப் பஞ்சமில்லை. எலும்பு முறிவு ஆபரேஷனில் நம் மாநிலம் எட்டியிருக்கும் உயரம் எனக்குத் தெரியும். நான் படித்து முடித்த காலத்தில் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்பிய கேஸ்களை இன்று பக்கத்து ஊரிலேயே முடிக்கிறார்கள். என் புகார் ஆபரேஷன் பற்றியது அல்ல. தையல் பிரிக்கிற நாளோடு எல்லோருக்கும் அக்கறை தீர்ந்துவிடுகிறதே, அதைப் பற்றியது. பிசியோதெரபிஸ்ட் இதைச் சொன்னால் கடைக்காரி தன் சரக்கைப் புகழ்கிற மாதிரி இருக்கும். இருக்கட்டும். கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

சமதரையில் இயல்பாக நடக்க முழங்கால் 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மடங்க வேண்டும். மாடிப்படிக்கு 80, 90. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 90-ஐத் தாண்ட வேண்டும். குத்தவைத்து உட்கார 130-ம் போதாது. நாற்காலியிலும் கமோடிலும் வாழ்கிறவர்களுக்கு 110 டிகிரி தாராளம். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கி, காட்டில் குனிந்து களையெடுத்து, கரையோரம் ஒதுங்குகிற ஒரு பெண்ணுக்கு 110 என்றால் பாதி வாழ்க்கை கையைவிட்டுப் போனதாக அர்த்தம். 35 என்றால் டவுன் பஸ் படியே ஏற முடியாது. கூட்டமான பஸ்ஸில் நீட்டிய காலை எங்கே வைப்பார்?

ஒரு விஷயத்தில் ஊரே தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கம்பியும் பிளேட்டும் எலும்பை ஒட்டவைக்கின்றன என்று நினைக்கிறோம். எலும்பை எந்தக் கம்பியும் ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானேதான் கூடும். உடைந்த இடத்தில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அது நார்போல இறுகும், அப்புறம் அதில் சுண்ணாம்பு ஏறும், மாதக்கணக்கில் கெட்டிப்பட்டு எலும்பாகும். ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடிந்தால் கிடைக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுகிறார், கூடிவிடுகிறது. பிறகு எதற்கு லட்ச ரூபாய் செலவழித்து உள்ளே கம்பி?

இதற்கான பதில் அந்தக் கம்பி பிறந்த கதையிலேயே இருக்கிறது. எலும்பு மஜ்ஜைக்குள் நீளக் கம்பி செலுத்தும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கீல் நகரத்து சர்ஜன் கெர்ஹார்ட் கூன்ட்ஷர். 1939-ல் முதலில் செய்தார். மறு வருஷம் பெர்லினில் சர்ஜன்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது பலர் முகம் சுளித்தார்கள். மஜ்ஜைக்குள் இரும்பா என்று. அந்தக் காலத்தில் தொடை எலும்பு உடைந்தால் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடுவார்கள். கூன்ட்ஷர் உடைந்த இடத்தைத் திறக்காமல், இடுப்பு ஓரம் சின்னதாக வெட்டி அங்கிருந்து கம்பியை உள்ளே இறக்கினார். ஆள் சில வாரத்தில் எழுந்து நடந்தார். ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்து போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் சிலரை எக்ஸ்ரே எடுத்த டாக்டர்கள், தொடைக்குள் நெடுக இரும்பு கிடப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனார்களாம்.

தொங்கவிட்ட கால்களிலும் பெரும்பாலும் எலும்பு கூடத்தான் செய்தது. ஆனால் அதற்குள் முட்டி இறுகிவிடும், தொடை சூம்பிவிடும், முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். கம்பி வந்தது இந்த வேதனைகளுக்காக. எலும்பு தன் பாட்டுக்கு மெதுவாகக் கூடட்டும், அதுவரை மற்ற உறுப்பெல்லாம் அசைந்துகொண்டிருக்கட்டும் என்பதற்காக. கம்பியையும் வைத்துவிட்டுக் காலையும் அசைக்காமல் கிடந்தால், பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து போகிற கதைதான்.

1958-ல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்தில் 13 பேர் கூடி ஆரம்பித்த ஏ.ஓ. என்கிற அமைப்புதான் பிளேட், ஸ்க்ரூ வைத்தியத்துக்கு இலக்கணம் எழுதியது. இன்று நம்மூர் எலும்பு சர்ஜன்கள் படிப்பதும் அந்தப் பாடம்தான். அதில் நான்கு விதிகள். எலும்பை இருந்த வாகுக்குக் கொண்டுவா. ஆடாமல் நிறுத்து. ரத்த ஓட்டத்தைக் கெடுக்காதே. சீக்கிரம் அசைய வை. முதல் மூன்றுக்கும் நம்மிடம் தியேட்டர் இருக்கிறது, கம்பி போகிற வழியை அப்போதைக்கப்போது திரையில் காட்டுகிற சி-ஆர்ம் இருக்கிறது, டைட்டானியம் இருக்கிறது, காப்பீட்டில் பணம் இருக்கிறது. நான்காவதுக்கு என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிப் பாருங்கள்.

அந்த அக்காவின் சம்மரியை நான் படித்தேன். ஆறு மாத்திரைக்கு ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே 1-0-1, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், எத்தனை நாள் என்று பிசகில்லாமல் எழுதியிருந்தது. கடைசியில், மறுபரிசோதனைத் தேதிக்கு மேலே, ஒரே ஒரு சொல்: பிசியோதெரபி. எங்கே, என்றிலிருந்து, தினமும் எத்தனை தடவை, எத்தனை டிகிரிவரை, காலை ஊன்றலாமா கூடாதா, ஒன்றும் கிடையாது. அதுவும் ஆங்கிலத்தில். ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் காதில் விழுந்தது 'ரெஸ்ட்' மட்டும்தான். நர்ஸ் சொன்னாரோ, பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரோ.

சர்ஜன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், மதியம் தியேட்டர், ராத்திரி விபத்து கேஸ். ஒருவருக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிது. அசைக்காதே என்று சொல்வதற்கும் சில நேரம் நியாயம் உண்டு. எலும்பு நொறுங்கிச் சில்லுச் சில்லாகப் போயிருந்தால் பிளேட்டின் பிடிப்பு அரைகுறையாக இருக்கும்; அதில் எடையை ஏற்றினால் வினைதான். உலோகமும் களைக்கும். ஒரு கம்பித் துண்டை இப்படியும் அப்படியும் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதல்லவா? எலும்பு கூடத் தாமதமானால் உள்ளே இருக்கும் பிளேட்டுக்கும் அந்தக் கதிதான். அதனால் ஊன்றுவது வேறு, மடக்குவது வேறு என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கூடப் பெரும்பாலும் படுக்கையிலேயே முட்டியை மடக்கி நீட்டலாம், கணுக்காலை ஆட்டலாம், தொடையை இறுக்கிப் பத்து எண்ணலாம். இந்த வித்தியாசத்தை விளக்க இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் யாருடைய வேலை என்பதுதான் தீர்மானமாகாமல் கிடக்கிறது.

மூட்டுக்குள்ளேயே உடைந்தால் இது இன்னும் முக்கியம். முழங்காலுக்குக் கீழே காலெலும்பின் தலை பிளந்துவிட்டது என்று வையுங்கள். தட்டுமாதிரி இருக்க வேண்டிய மேல்பரப்பில் பள்ளம் விழுந்திருக்கும். சர்ஜன் அந்தப் பள்ளத்தைத் தூக்கிச் சமப்படுத்தி, கீழே எலும்புத் துகளை அடைத்து, பிளேட்டால் முட்டுக் கொடுக்கிறார். இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே பின்னாளில் தேய்மானம் வரும் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு செய்வார்கள். அந்தப் பரப்பின்மேல் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறுகிற திரவம்தான் அதற்குச் சோறு. மூட்டு அசைந்தால்தான் அந்தச் சோறு உள்ளே போகும். கனடாவின் டொரன்டோவில் ராபர்ட் சால்டர் என்கிற குழந்தைகள் எலும்பு சர்ஜன் 1970-களில் முயல்களை வைத்து இதைக் காட்டினார்: கட்டுப்போட்டு அசையாமல் வைத்த மூட்டைவிட, மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்த மூட்டில் குருத்தெலும்புக் காயம் நன்றாக ஆறியது. தியேட்டரில் மில்லிமீட்டர் கணக்கில் பாடுபட்டுவிட்டு, வார்டில் ஆறு வாரம் மாவுக்கட்டில் பூட்டி வைத்தால் அந்தப் பாடு விழலுக்கு இறைத்த நீர்.

அசைவு, அசைவு என்று நான் அடித்துக்கொள்வதால் பலவந்தம் பண்ணச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தப்பைச் செய்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் 14 வயதுப் பையன் ஒருவன் வந்தான். முழங்கை நழுவி, திருப்பிப் போட்டு, மூன்று வாரம் கழித்து. அப்பாவுக்கு அவசரம், அரையாண்டுப் பரீட்சை வருகிறது, கை மடங்கினால்தான் எழுதுவான் என்றார். எனக்கும் இளம்ரத்தம். அவன் அலற அலறப் பிடித்து அழுத்தினேன். பத்து நாளில் முழங்கை வீங்கிக் கொதித்தது. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் தசைக்குள் மேகம்போல வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தசை எலும்பாக மாறத் தொடங்கியிருந்தது. அப்போதிருந்த சீனியர் சர்ஜன் என்னைத் திட்டவில்லை. "முழங்கையைக் கெஞ்சணும்மா, மிரட்டக் கூடாது" என்றார். அந்தப் பையன் இன்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கை முழுதாக நீளாது, கொஞ்சம் பாக்கி. பார்த்தால் "அக்கா" என்று ஹாரன் அடிப்பான். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும்.

எண்ணெய் போட்டு நீவுகிறவர்களிடம் முழங்கையைக் கொடுக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். சிறு பிள்ளைகளுக்கு முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்து, இறுக்கமாகப் பத்தை வைத்துக் கட்டிவிட்டால், உள்ளே வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் அடைபடும். விரலை நீட்டிவிட்டால் பிள்ளை துடிக்கும். வலி என்று அழுகிற குழந்தையை 'கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும்' என்று ஒரு ராத்திரி சமாதானப்படுத்தினால் போதும், முன்கைத் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

புத்தூர் கட்டைப் பற்றிக் கேட்பீர்கள். ஆந்திரத்துப் புத்தூரின் பேரைப் போட்டுத் தமிழ்நாட்டில் எந்தப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் போர்டு இருக்கிறது. மூலிகை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை. நகராத உடைசல் எந்தக் கட்டிலும் கூடும், எலும்பின் சுபாவம் அது. அவர்களுக்குப் பேர் வந்ததும் அதனால்தான். நகர்ந்துபோனதும் மூட்டுக்குள் உடைந்ததும் அங்கே போனால், கோணலாகக் கூடி என்னிடம் வருகின்றன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கட்டுகிறவர் நோயாளியிடம் பேசுகிறார். எப்போது பிரிப்பேன், எப்போது கஞ்சி, எப்போது கறி, எப்போது நடக்கலாம் என்று தமிழில், நிதானமாக. நம் ஆஸ்பத்திரிகள் தோற்கிற இடம் அது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 78 வயதில் விடியற்காலை பாத்ரூமில் விழுந்து இடுப்புப் பக்கம் தொடை எலும்பு உடைந்தது. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, கால் ஒரு விரற்கடை குட்டையாகக் கிடந்தது. எக்ஸ்ரே எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் உடைந்திருந்தால் அதன் தலைப்பந்துக்குப் போகிற ரத்தக்குழாய் அறுந்துவிடக்கூடும், வயதானவர்களுக்கு அந்தப் பந்தையே மாற்ற வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அதற்குக் கீழே. கம்பி வைத்தால் மறுநாளே நிற்கலாம். இவ்வளவு தெரிந்த நான் நாலு நாளைத் தொலைத்தேன். மாமா மதுரையிலிருந்து வந்தார், சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து. தலைக்குத் தலை நாட்டாமை. "இந்த வயசுல மயக்க மருந்தா? படுக்கையில வச்சுப் பாத்துக்குவோம்." சர்க்கரை இறங்கட்டும் என்றார் ஒருவர், அமாவாசை கழியட்டும் என்றார் இன்னொருவர். நான் பெண்பிள்ளை, அதுவும் 'வெறும் பிசியோ'. ஐந்தாம் நாள்தான் ஆபரேஷன் நடந்தது. ஆறாம் நாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்ற அம்மா என்னைப் பார்த்து, "இதுக்குத்தான் இத்தனை பேர் கூடிப் பேசினீகளா?" என்றாள். எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. அந்த நாலு நாளில் அசையாமல் கிடந்து குதிகாலில் வந்த புண் ஆற அதைவிட அதிக நாள் பிடித்தது.

இந்தியா உட்பட 17 நாடுகளில் இடுப்பெலும்பு முறிந்த 2,970 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-ல் லான்செட் இதழில் வந்தது. கண்டுபிடித்த ஆறு மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களையும் 24 மணி நேரம்போலக் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்குப் புத்தி தடுமாறுவது குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். அங்கே பேச்சு ஆறு மணியா, ஒரு நாளா என்பது. நம் வீடுகளில் நாலு நாளா, ஒரு வாரமா என்பது. இங்கிலாந்தில் 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் இடுப்பு ஆபரேஷன் செய்து, முதியோர் மருத்துவரும் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம். மறுநாளுக்குள் பிசியோதெரபிஸ்ட் பார்த்திருக்க வேண்டும் என்பதும் பின்னர் அதில் சேர்ந்தது. பணம் எங்கே கட்டப்படுகிறதோ அங்கே கவனம் போகிறது.

நம்மிடம் ஆரம்பிக்க நல்ல அஸ்திவாரம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. அந்தத் திட்டத்தால் கால் பிழைத்தவர்கள் என் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். 48 மணி நேரம் சரி. அடுத்த 48 நாள்? நம் கணக்கில் 48 நாள் ஒரு மண்டலம். மூட்டு இறுகுவதா இளகுவதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு மண்டலத்துக்குள் முடிவாகிவிடுகிறது. நான் ஒரு நாளைக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். பஸ்ஸுக்கும் கூட வருகிற ஆளின் கூலிக்கும் சேர்த்தால் ஒரு தீப்பெட்டித் தொழிலாளிக்குக் கட்டாது. நாலு நாள் வருவார், ஐந்தாம் நாள் வரமாட்டார். நானும் போன் பண்ணிக் கேட்கக் கூசுவேன், காசுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைப்பாரோ என்று. செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017-ல் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. அந்த மூட்டை மடக்கப் பழக்குகிற செலவைப் பற்றி அதே அளவு யாரும் பேசக் காணோம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்த எத்தனையோ பெரியவர்களுக்கு அவர்கள்தான் துணை. கம்பி வைத்து வீடு திரும்புகிறவரின் பெயரும் ஊரும் டிஸ்சார்ஜ் ஆகிற அன்றே அவர்கள் பட்டியலுக்குப் போய்விட வேண்டும். வட்டாரம் முழுக்க அலைகிற ஒருவரால் எல்லோரையும் தினமும் பார்க்க முடியாதுதான். ஆட்களைக் கூட்டுங்கள், பிசியோதெரபி படித்துவிட்டுச் செல்போன் கடையில் நிற்கிற பிள்ளைகளை எனக்கே தெரியும். காப்பீட்டுப் பேக்கேஜில் கம்பிக்கும் தியேட்டருக்கும் பணம் கட்டுகிற அரசு, ஒரு மண்டலப் பிசியோவுக்கும் சேர்த்துக் கட்டட்டும். கடைசித் தவணையை, ஆறாம் வாரம் முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுதி அனுப்பிய பிறகு கொடுக்கட்டும். ஆஸ்பத்திரிகள் கத்தும். கத்தட்டும்.

செலவே இல்லாமல் ஆரம்பிக்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. கோவை கங்கா மருத்துவமனை சர்ஜன்கள், நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடுவதா என்று முடிவெடுக்க ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். தோலுக்கு இவ்வளவு, எலும்புக்கு இவ்வளவு, தசைக்கும் நரம்புக்கும் இவ்வளவு, நோயாளியின் மற்ற உபாதைகளுக்கு இவ்வளவு என்று. 2006-ல் வெளியான அதை உலகமே எடுத்துப் பார்க்கிறது. காலையே எடுப்பதா வேண்டாமா என்பதை எண்ணாக்கிக் காட்டிய மாநிலத்தால், காப்பாற்றிய கால் எத்தனை டிகிரி மடங்க வேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டு அடிக்க முடியாதா? மாத்திரைக்கு எழுதுகிற மாதிரியே எழுதலாம். முட்டி மடக்குதல் 1-1-1, ஒவ்வொன்றும் இருபது தடவை. இரண்டாம் வாரம் 60, ஆறாம் வாரம் 90, அல்லது அந்தக் காலுக்கு எது தகுமோ அது. ஊன்றலாம், பாதி ஊன்றலாம், ஊன்றவே கூடாது: மூன்றில் ஒன்றுக்கு டிக். எந்த வலி வந்தால் பயப்பட வேண்டாம், எந்த வலி வந்தால் ஓடி வர வேண்டும் என்று இரண்டு வரி.

எங்கள் ஊர் ஹாக்கிப் பிள்ளைகள் அசையப் பயப்படுகிறவர்களுக்கு நேர் எதிர் ரகம். முட்டி ஜவ்வு கிழிந்து, தொடைப் பின்தசை நாரை எடுத்துப் புது ஜவ்வு வைத்து வருவார்கள். நாலாம் மாதம் வலி இருக்காது, ஓடத் தோன்றும். உள்ளே வைத்த நார் இன்னும் ஜவ்வாகப் பழகவில்லை என்று தலைகீழாக நின்று சொன்னாலும் டோர்னமென்ட் இருக்கிறது என்பார்கள். ஒன்பது மாதம் பொறுக்கவில்லையென்றால் திரும்பக் கிழிய வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் அசையவே மாட்டேன் என்கிறவர்கள், இன்னொரு பக்கம் அடக்கவே முடியாதவர்கள். இரண்டு பேருக்கும் கையில் தேதி போட்ட சீட்டு ஒன்று வேண்டும்.

கழுகுமலை அக்காவைத் திரும்ப சர்ஜனிடமே அனுப்ப வேண்டியதாயிற்று. ஐந்து மாதத்தில் முன்தொடைத் தசை எலும்போடு பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது; நான் அழுத்தி இளக்குகிற கட்டம் தாண்டிவிட்டது. ஆவணியில் இன்னோர் ஆபரேஷன், ஒட்டியதைப் பிரிக்க. அன்று சாயங்காலமே நான் போய் மடக்க ஆரம்பித்தேன். அழுதார், வைதார், மகளைப் பார்த்து "இவளை வெளிய அனுப்பு" என்றார். மகள் இந்தத் தடவை என் பக்கம் நின்றாள்.

கிளினிக்கில் நான் செங்கல் வைத்திருக்கிறேன். ஆறு செங்கலை அடுக்கித் துணி விரித்து உட்காரச் சொல்வேன், நாற்காலி உயரம். கால் இளக இளக ஒவ்வொரு செங்கலாக உருவிவிடுவேன். புரட்டாசியில் ஆறு, ஐப்பசியில் ஐந்து, தீபாவளி கழிந்து நாலு. மார்கழியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வர மூன்று வாரம் பிடித்தது. தை பிறந்தபோது 112 டிகிரி. இரண்டு செங்கலுக்குக் கீழே கால் இறங்க மறுத்தது, இனியும் இறங்குமா என்பது சந்தேகம்தான். அவரிடம் அதை மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆபீஸ்ல மத்தவுக தரையில இருப்பாக. நான் ஒரு சாண் ஒசக்க இருந்து அடுக்குனா என்ன, பெட்டி வேண்டாம்னா சொல்லும்?"

அந்த இரண்டு செங்கலையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் பெட்டி அடுக்குகிறார். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.